பேய், கொலை, காதல்: இராமநாதபுரக் கரையில் இளையோர் நாவலுக்கு ஏற்ற களம் எது?

ஆவியும் குற்றமும் காதலும் கலந்த ஓர் இளையோர் நாவலை இராமநாதபுரக் கடற்கரையில் நிகழ்த்துவது என்று ஒருவர் முடிவு செய்துவிட்டால், அடுத்து அவர் தீர்மானிக்க வேண்டியது ஊரை. இந்த இடத்தில் பெரும்பாலோர் அதிகம் யோசிப்பதில்லை. பேய்க்கதை என்றதும் தனுஷ்கோடி என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். தொண்டிக்கு வடக்கிலிருந்து சாயல்குடிக்குத் தெற்கு வரை நீளும் இந்தக் கரை, பாக் விரிகுடாவையும் மன்னார் வளைகுடாவையும் ஒருசேரத் தொட்டு நிற்பது. இங்கே ஊருக்கு ஊர் தொழில் வேறு, வழிபாடு வேறு, இறந்தோரை நினைக்கும் முறையும் வேறு. ஆகவே தனுஷ்கோடி, கீழக்கரை, மண்டபம்–பாம்பன் கரை ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

எதைக் கொண்டு ஒப்பிடுவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ் மரபில் பேய் வெறுமனே பயமுறுத்த வருவதில்லை. அது வழக்காட வருகிறது. கணவனால் கொல்லப்பட்டு, மறுபிறப்பில் அவனைத் தேடி வந்து, ஊர்ச்சபையின் முன் நின்று வாதாடிப் பழிதீர்த்த பழையனூர் நீலியின் கதையில் காதலும் கொலையும் பேயும் ஏற்கெனவே ஒன்றாகத்தான் இருக்கின்றன. அவளுக்குக் கொடுத்த வாக்குக்காக வேளாளர் எழுபது பேர் தீயில் இறங்கினர் என்று அந்தக் கதை முடிகிறது. தென்மாவட்டங்களில் அநியாயமாகக் கொலையுண்டவர்கள் தெய்வமாகிப் படையல் பெறுவதும் இதே எண்ணத்தின் தொடர்ச்சிதான். எனவே ஒரு களத்தை எடைபோடும்போது மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும். இறந்தவருக்கு அநியாயம் செய்த மனிதர் யார்? அவரை இன்றும் பிடிக்க முடியுமா? அந்தத் தேடலின் நடுவில் பதினெட்டு, பத்தொன்பது வயதுக்காரர்கள் இருப்பதற்கு இயல்பான காரணம் உண்டா?

தனுஷ்கோடியின் கவர்ச்சியை நான் மறுக்கவில்லை. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு கரையைத் தாக்கிய புயலும் அதனுடன் எழுந்த பேரலையும், பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலை நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு விழுங்கின; இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் புறப்பட்ட துறைமுகமும், ரயில் நிலையமும், தேவாலயமும், அஞ்சலகமும் ஓர் இரவில் அழிந்தன. பவளப்பாறைக் கற்களால் கட்டிய தேவாலயத்தின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்ட 2017க்குப் பிறகு அந்த இடத்தைக் கண்ணால் காணாத தமிழ் வாசகர் குறைவு. மாலைக்கு மேல் சுற்றுலாப் பயணிகளை அங்கே இருக்க விடுவதில்லை என்பதுகூடக் கதைக்கு உதவும் செய்திதான்.

ஆனால் என்னுடைய முதல் கேள்விக்கே தனுஷ்கோடி பதில் சொல்லத் திணறுகிறது. புயலில் இறந்தவர்களுக்குக் குற்றவாளி கிடையாது. ரயிலில் மூழ்கியவர்களின் ஆவிகள் இரவில் அலைகின்றன என்று எழுதினால் அது துக்கக் கதையாகலாம். துப்பறியும் கதையாகாது, ஏனெனில் கண்டுபிடிக்கப்பட வேண்டியவர் என்று அதில் யாரும் இல்லை. இதைச் சமாளிக்க ஒரு வழி உண்டு. அன்றிரவு ஒருவரைக் கொன்ற கொலைகாரன், மறுநாள் அவரைப் புயலில் இறந்தவர்களின் கணக்கில் சேர்த்துவிட்டான் என்று வைக்கலாம். சுங்க அலுவலகமும் கப்பல் போக்குவரத்தும் இருந்த ஊர் என்பதால் கொலைக்குக் காரணம் கிடைப்பதும் கடினமன்று. அப்போது இரண்டாம் கேள்வி குறுக்கே நிற்கிறது: 1964இல் இருபது வயதாக இருந்தவருக்கு இன்று எண்பதுக்கு மேல். அவரைக் கண்டுபிடித்துக் கூண்டில் ஏற்றுவதில் வாசகருக்குக் கிடைக்கும் நிறைவு குறைவு; கதாநாயகிக்கு அவரால் நேரும் ஆபத்தும் குறைவு.

தனுஷ்கோடியில்தான் எழுதுவேன் என்பவருக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: காதலைப் பாட்டிக்குக் கொடுங்கள். 1964இல் பதினேழு வயதிலிருந்த பெண் இன்று எண்பதை நெருங்கும் பாட்டி. அவள் விரும்பிய இளைஞனின் ஆவி மட்டும் அன்றைய வயதிலேயே நிற்கிறது. பேத்தி துப்புத் துலக்குகிறாள். முதுமையும் இளமையும் எதிரெதிரே நிற்கும் அந்தச் சந்திப்பு நல்ல எழுத்தாளர் கையில் மிக வலுவாக அமையும். ஆயினும் அது பாட்டியின் நாவலாகவே இருக்கும், பேத்தியின் வயதுடைய வாசகர் பார்வையாளராக மட்டுமே நிற்பார்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தனுஷ்கோடி ஆளில்லாத ஊர் அன்று. மீனவக் குடும்பங்கள் இன்றும் அங்கே ஓலைக் குடிசைகளில் வாழ்கின்றன. மணலைக் கையால் தோண்டி ஊற்று நீர் எடுக்கின்றன. பேய்களின் ஊர் என்று எழுதும் ஒவ்வொரு கதையும் அந்த மக்களை இல்லாதவர்களாக ஆக்குகிறது. வாழ்வோரை அழித்துவிட்டு இறந்தோரைப் பற்றி எழுதுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

கீழக்கரை முற்றிலும் வேறு வகைக் களம். மரைக்காயர் என்னும் தமிழ் முஸ்லிம் வணிகர்களின் கடல் வணிகம், முத்து, சங்கு, கல்லால் கட்டிய பழைய ஜும்மா பள்ளி, வெளிநாட்டில் சம்பாதிக்கும் ஆண்கள், பெண்களின் பெயரில் இருக்கும் வீடுகள், மணமகன் பெண் வீட்டுக்கு வந்து வாழும் வழக்கம் என்று, குடும்ப மர்மக் கதைக்கு வேண்டிய அத்தனையும் அங்கே உண்டு. வீடு மகளுக்கு என்றிருக்கும் ஊரில் ஒரு பத்திரம் மாற்றி எழுதப்பட்டால் அதுவே கொலைக்குப் போதுமான காரணம். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று நாம் அன்றாடம் சொல்லும் வழக்கும் இந்த ஊர் வள்ளலைப் பற்றியதே. தேடி வந்த புலவருக்கு அடக்கத் தலத்திலிருந்தே கை நீட்டி மோதிரம் கொடுத்தார் என்னும் கதையில், இறந்தவர் எதையும் பறிக்க வரவில்லை, கொடுக்க வருகிறார். அச்சமூட்டாத, அன்புள்ள ஆவியைப் படைக்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல விதை கிடைக்காது.

தடை எங்கே வருகிறது என்றால், இஸ்லாமிய நம்பிக்கையில் இறந்தவரின் ரூஹு, அதாவது ஆன்மா, இவ்வுலகில் அலைந்து திரிவதில்லை. மனிதரைத் தொந்தரவு செய்வது ஜின் என்பார்கள். ஜின் தனிப் படைப்பு, இறந்த மனிதரன்று. ஆகவே கொலையுண்ட அக்காவின் ஆவி வந்து தங்கையிடம் பேசுகிறது என்று கீழக்கரைக் குடும்பத்தில் எழுதினால், அந்த வீட்டாரே அதை ஏற்கமாட்டார்கள். அந்த மறுப்பையே கதையாக்கலாம்: தங்கை பார்ப்பது அக்காவா, அக்காவின் உருவில் வந்த ஜின்னா, தூக்கமின்மையா என்ற ஐயத்தில் நாவல் முழுவதும் நகரலாம். மிக நுட்பமான நாவல் அது. அதை எழுத அந்த வீடுகளுக்குள் பேசும் பேச்சும், மய்யித்து வீட்டில், அதாவது இறப்பு நடந்த வீட்டில், நடக்கும் ஒவ்வொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அவ்வூரில் பிறந்து வளர்ந்த ஒருவர் எழுத வந்தால் கீழக்கரையே முதல் தேர்வு என்பேன். வெளியிலிருந்து வருபவருக்கு அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

மற்ற ஊர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தேவிபட்டினத்தின் கடலுக்குள் நிற்கும் நவக்கிரகக் கற்களான நவபாஷாணமும் அங்கே நடக்கும் பிதுர்க் கடன்களும் ஓர் அத்தியாயத்துக்கு அழகு சேர்க்கும். முழு நாவலையும் தாங்கா. ஏர்வாடியைத் தொடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தனர். அவர்களை ஆவிகளாக்கி இளைஞர்களுக்குத் திகில் காட்டுவது கொடுமை. மனநோயைப் பேய்பிடித்தலோடு குழப்பும் பழக்கத்துக்கும் அது வலு சேர்க்கும்.

இனி மண்டபம்–பாம்பன் கரை. என் தேர்வு இதுதான். என் முதல் கேள்விக்கு இந்தக் கரை உடனே பதில் சொல்கிறது, ஏனெனில் இங்கே குற்றம் இன்றும் நடப்பது. கடல் அட்டை என்னும் கடலடி உயிரினத்தைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடல் தாண்டி இலங்கையிலோ உரிமம் பெற்றுப் பிடிக்கலாம். அதனால் இக்கரை அட்டையை இரவோடிரவாக அக்கரைக்குக் கடத்துபவர்கள் உண்டு. அங்கிருந்து தங்கம் வருகிறது. துரத்தப்படும்போது கட்டிகளைக் கடலில் வீசிவிடுவார்கள் என்பதும், முக்குளிப்போரை இறக்கி அவற்றை மீட்பார்கள் என்பதும் 2023இல் செய்திகளில் வந்தவை. இந்தக் குற்றங்களை விசாரிப்பவர்களும் ஒரே துறையினர் அல்லர். அட்டை என்றால் வனத்துறை, தங்கம் என்றால் சுங்கத்துறை, அகதி என்றால் தமிழகப் போலீஸின் உளவுப் பிரிவான கியூ பிரிவு, கடலில் காணாமல் போனால் மெரைன் போலீஸ். ஒரு மரணம் இவர்கள் எல்லாருக்கும் இடையே விழுந்து காணாமல் போவதற்கு எந்தச் சதியும் வேண்டியதில்லை.

பேய்க்கும் குற்றத்துக்கும் இங்கே இருக்கும் நெருக்கத்தை ஓர் எடுத்துக்காட்டில் காட்டலாம். பிடித்த அட்டையின் வயிற்றைக் கீறிக் குடலை நீக்கி, அண்டாவில் போட்டு அவித்து, மணலில் புதைத்து, தோலைத் தேய்த்துக் கழுவி, மறுபடியும் அவித்துக் காயவைத்தால்தான் அது விலைபோகும். ஒளித்துச் செய்ய வேண்டிய வேலை என்பதால் ஆள் நடமாட்டமில்லாத தோப்பிலோ கருவேலங்காட்டிலோ அடுப்பு மூட்டுவார்கள். நள்ளிரவில் கருவேலங்காட்டுக்குள் தாழ எரிந்து, ஆள் வரும் ஓசை கேட்டதும் சட்டென்று அணையும் நெருப்பைத் தொலைவிலிருந்து பார்க்கும் ஊர்க்காரர் அதைக் கொள்ளிவாய்ப் பேய் என்று சொல்லமாட்டாரா? அந்தப் பேச்சைப் பரப்புவதில் அடுப்பு மூட்டியவர்களுக்கு ஆதாயம் உண்டு. அந்தப் பக்கம் யாரும் போகமாட்டார்கள். இப்படிப் பொய்ப்பேயின் பின்னால் போகும் கதாநாயகி அங்கே உண்மையான ஆவியைச் சந்திக்கிறாள் என்று வைத்தால், நாவலின் நடுப்பகுதி தானாக அமைந்துவிடும்.

கதாநாயகி யார் என்பதற்கும் இந்தக் கரை விடை வைத்திருக்கிறது. பாம்பனை ஒட்டிய சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி இறங்கி மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் பறித்துப் பையில் சேர்க்கிறார்கள். அவர்கள் போகும் தீவுகள் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் அடங்குபவை. வனத்துறையோடு அவர்களுக்கு உள்ள இழுபறியும் பழையது. அப்படிப்பட்ட ஒரு தாயின் மகள், கல்லூரி முதலாண்டு படிப்பவள், கடலுக்கடியில் மூச்சடக்கத் தெரிந்தவள் என்றால், போலீஸார் பார்க்க முடியாத இடத்தை அவள் பார்ப்பதில் வியப்பில்லை.

இவை எல்லாவற்றிலும் மேலாக, இந்தக் கரையில் ஆவி அலைவதற்குச் சட்டமே ஒரு காரணம் தருகிறது. கடலுக்குப் போனவரின் உடல் கிடைக்காவிட்டால், அவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எவரும் கேள்விப்படாமல் இருந்த பிறகே அவர் இறந்ததாகக் கருத முடியும். பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு அது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்த விதி தொடர்கிறது. பேரிடர் நேரத்தில் அரசு தனியாணை போட்டுத் தளர்த்தினால், அல்லது இறப்பு வேறு சான்றுகளால் நிரூபிக்கப்பட்டால் ஒழிய, அதுவரை இறப்புச் சான்றிதழ் இல்லை, அதனால் கிடைக்க வேண்டிய நிவாரணமும் இல்லை. மனைவி தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் இருப்பாள். பிள்ளை எள்ளும் தண்ணீரும் இறைப்பதா என்று தெரியாமல் நிற்பான். தாளில் உயிரோடும் கடலில் பிணமாகவும் இருக்கும் அந்த ஏழு ஆண்டுகளுக்குள் மாட்டிக்கொண்ட இளைஞனின் ஆவியை நான் முழு மனதோடு நம்புவேன். அவனுக்கு வேண்டியது பழிவாங்கல் மட்டுமன்று. இறந்துவிட்டேன் என்று யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும்.

துப்புக்கும் இங்கே பஞ்சமில்லை. பாம்பன் கால்வாய் வழியாக நீரோட்டம், மீனவர் பேச்சில் நீவாடு, வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே பாக் விரிகுடா நீரை மன்னார் வளைகுடாவுக்கு இழுக்கும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தெற்கிலிருந்து வடக்கே தள்ளும். கார்த்திகை மாதத்தில் தென்கடலுக்குப் போன இளைஞனின் வெறும் வள்ளம் வடகடல் கரையில் ஒதுங்கிக் கிடக்கிறது என்று வையுங்கள். மெரைன் போலீஸ் அதை விபத்து என்று எழுதிவிடுகிறது. ஆனால் கதாநாயகியின் அம்மா கேட்கிறாள்: “இந்த மாசத்துல நீவாடு தெக்கதானடி இழுக்கும். வள்ளம் எப்புடிடி வடகரையில வந்து ஒதுங்கும்?” கடலைத் தெரிந்தவளின் அந்த ஒரு கேள்வியில் விபத்து கொலையாகிவிடுகிறது. இத்தகைய துப்பு இந்த ஊருக்கே உரியது. வேறெந்தக் கரைக்கும் இதை எடுத்துச் செல்ல முடியாது.

இலங்கையிலிருந்து வரும் அகதிகளைப் படகோட்டிகள் மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுப் போவதும், மண்டபம் அகதிகள் முகாமும் இதே களத்தில் அடங்குபவை. அவற்றை முதன்மைக் கதையாக எடுப்பவர் முகாமில் வாழ்பவர்களோடு நீண்ட பழக்கம் உடையவராக இருக்க வேண்டும். மற்றவர்கள் துணைப் பாத்திரம் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

களம் முடிவானபின் இன்னொரு தேர்வு எஞ்சுகிறது: ஆவியே காதலனா, ஆவி சாட்சியாக நிற்க உயிரோடு இருக்கும் இருவர் காதலிக்கிறார்களா? இளம் வாசகர்களுக்கு முதலாவதுதான் இனிக்கும் என்பது உண்மை. என்றாலும் ஆவியைக் காதலிக்கும் பெண்ணின் கதை, அவளும் இறந்தால்தான் சேர முடியும் என்ற இடத்துக்குத் தானாக நகர்ந்துவிடுகிறது; பதினாறு வயது வாசகரின் கையில் அந்த முடிவைக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை. மேலும், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பெண்ணின் அறைக்குள் வந்து நிற்பவன், ஆவியாக இருந்தாலும், செய்வது தவறுதான். ஆவி காதலனாகவே இருக்க வேண்டும் என்றால், அவள் அழைக்காமல் வரக்கூடாது என்ற விதியை முதல் அத்தியாயத்திலேயே வைத்துவிடுங்கள்.

நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பேன். காணாமல் போனவன் கதாநாயகியின் அத்தை மகன். முறை மாப்பிள்ளை என்பதால் அவள் அவனுக்குத்தான் என்று ஊரே பேசியது, அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவள் விரும்புவது வேறொருவனை. அவன் தந்தை, கரையில் ஒதுங்கிய அந்த வள்ளத்துக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி. விசாரணை நெருங்க நெருங்க ஐயம் அந்தச் சம்மாட்டியின் மேல் திரும்புகிறது. அப்போது அவளுடைய காதலும் ஆவியின் நியாயமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. இறந்தவனுக்கு அவள் பட்ட கடனும், உயிரோடு இருப்பவன்மேல் அவள் வைத்த அன்பும் ஒரே வீட்டு வாசலில் வந்து நிற்கின்றன. இந்த மோதல் தனுஷ்கோடிக் கதையில் அமையாது, ஏனெனில் அங்கே குற்றவாளி வாழ்ந்து முடித்தவர்.

ஆவிக்கு எவ்வளவு தெரியும் என்பதையும் எழுதத் தொடங்கும் முன்பே வரையறுத்துக்கொள்ள வேண்டும். கொன்றவன் பெயரை ஆவி சொல்லிவிட்டால் மர்மம் அத்தோடு முடிந்தது. இருட்டில், பின்னாலிருந்து, வலை இழுத்துக்கொண்டிருந்தபோது அடி விழுந்தது என்று வைத்தால், அவனுக்குத் தெரிந்தது தண்ணீரும் ஒரு டீசல் எஞ்சின் சத்தமும் மட்டுமே. எந்தப் படகின் எஞ்சின் அது என்பதைக் காதால் அடையாளம் காணும் கரைக்காரர்கள் உண்டு; சாட்சியம் அங்கிருந்து வளரட்டும்.

நீவாடு தெற்கே இழுக்கும் மாதங்களில் கதை நடக்க வேண்டும் என்பதால் ஐப்பசி நடுவில் தொடங்கலாம். காணாமல் போனவனின் குடும்பம் கிறித்தவக் குடும்பமாக இருந்தால் நவம்பர் 2ஆம் தேதிக் கல்லறைத் திருநாளில், எல்லா வீட்டாரும் தங்கள் கல்லறைகளுக்கு மெழுகுத்திரி ஏற்றும்போது, ஏற்ற ஒரு கல்லறை இல்லாமல் நிற்கும் தாயிடமிருந்து முதல் அத்தியாயம் தொடங்கும். இந்துக் குடும்பமாக இருந்தால் கார்த்திகையில் வள்ளம் கிடைத்து, தை அமாவாசையன்று இராமேசுவரம் அக்கினி தீர்த்தத்தில் முடியும். கிறித்தவக் குடும்பம் கதைக்குத் தொடக்கத்தைத் தருகிறது, இந்துக் குடும்பம் முடிவைத் தருகிறது. இந்த இரண்டில் நான் தொடக்கத்தை விடமாட்டேன். முடிவுக்குத் தை அமாவாசைக்குப் பதிலாக, ஏழு ஆண்டு காத்திராமலே கொலை வழக்கின் தீர்ப்பைக் காட்டி அந்தத் தாய் வாங்கும் இறப்புச் சான்றிதழை வைப்பேன்.